டால்பினோடு நீந்தியவர்கள்: ஒரு செலவுக் கணக்கு



பி.காம். படிக்கும் எனக்கும் டால்பினுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். போன மாதம் எங்கள் வகுப்பில் ஒரு பீரியட் ஃப்ரீயாகக் கிடைத்தது. சாவதற்குள் செய்து பார்க்க வேண்டிய பத்து விஷயங்களை ஆளுக்கொரு தாளில் எழுதலாம் என்று யாரோ ஆரம்பித்து வைத்தார்கள். தாள்களைச் சேர்த்துப் படித்தபோது விமானத்திலிருந்து குதிப்பது, இமயமலை ஏறுவது, முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் பட்டுப்புடவை வாங்குவது என்று வரிசையாக வந்தன. நான்கு தாள்களில் மட்டும் ஒரே வரி: "கடலில் டால்பின்களோடு நீந்த வேண்டும்." அந்த நான்கில் ஒன்று என்னுடையது. எனக்கு நீச்சலே தெரியாது என்பது வேறு விஷயம்!

தொட்டியில் அடைத்து வைத்த டால்பின் இல்லை. தானாக வந்து, நம்மோடு விளையாடிவிட்டு, தானாகத் திரும்பிப் போகும் காட்டு டால்பின். இந்த ஆசை மனிதனுக்கு எப்போது வந்தது என்று தேட ஆரம்பித்தேன். சினிமா பார்த்து வந்த ஆசையாக இருக்கும் என்று நினைத்தேன். தேடிக்கொண்டே போய் ஏறக்குறைய 1900 வருடம் பழைய ஒரு ரோமானியக் கடிதத்தில் போய் நின்றேன். அந்தக் கடிதத்தின் முடிவைப் படித்தபோது காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. அதனால்தான் இந்தப் பதிவு.

காசில் பொறித்த நட்பு

முதலில் கொஞ்சம் முன்கதை. நம் கடற்கரையில் ஓங்கில் என்று சொல்லும் இந்த விலங்கு மீன் இல்லை என்பது கிரேக்கர்களுக்கே தெரிந்திருந்தது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் தன் விலங்கியல் நூலில், டால்பின் காற்றைச் சுவாசிக்கிறது, குட்டி போடுகிறது, பால் கொடுக்கிறது என்று தெளிவாக எழுதிவிட்டார். கரியா என்ற பகுதியில் (இன்றைய துருக்கியின் தென்மேற்குக் கரை) ஒரு டால்பின் காயத்தோடு பிடிபட்டபோது, ஒரு கூட்டமே துறைமுகத்துக்குள் வந்து, மீனவர் அதை விடுவிக்கும் வரை காத்திருந்தது என்ற செய்தியையும் குறித்து வைத்திருக்கிறார்.

அதற்கும் முன்பே கதைகள் இருந்தன. அரியோன் என்ற பாடகனைக் கப்பல்காரர்கள் பணத்துக்காகக் கடலில் குதிக்க வைத்ததும், ஒரு டால்பின் அவனை முதுகில் ஏற்றிக் கரை சேர்த்ததும் ஹெரோடோட்டஸ் எழுதிய கதை. இத்தாலியின் தெற்கில் இருந்த டாராஸ் என்ற கிரேக்க நகரம் தன் வெள்ளிக் காசுகளில் டால்பின் மேல் அமர்ந்த ஒருவனின் உருவத்தைப் பல தலைமுறைகளாகப் பொறித்து வந்தது. கரியாவின் இயாசோஸ் நகரக் காசுகளில் டால்பினோடு ஒரு சிறுவன் இருக்கிறான். ஒரு ஊர் தன் நாணயத்தில் எதைப் பொறிக்கும்? எதைப் பெருமையாக நினைக்கிறதோ அதைத்தானே!

ரோமானியர் காலத்தில் இந்தக் கதைகளுக்கு ஊரும் ஆளும் பெயரும் சேர்ந்துவிட்டன. மூத்த பிளினி என்பவர் 37 தொகுதிகள் கொண்ட ஒரு பெரிய இயற்கை நூலை எழுதி, கி.பி. 77இல் பேரரசரின் மகனுக்கு அர்ப்பணித்தார். (இரண்டு வருடம் கழித்து வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தவர் இவர்தான்.) அதில் ஒரு ஏழைச் சிறுவனின் கதை வருகிறது. அகஸ்டஸ் காலத்தில், நேபிள்ஸ் வளைகுடாப் பக்கம், பையே என்ற ஊரிலிருந்து புட்டியோலி என்ற ஊருக்குப் பள்ளிக்கூடம் போகும் சிறுவன் அவன். வழியில் ரொட்டித் துண்டு போட்டு ஒரு டால்பினைப் பழக்கினான். 'சைமோ' என்று கூப்பிட்டால் அது வருமாம். முதுகில் ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளியில் விட்டு, திரும்பக் கூட்டி வருமாம். அந்தச் சிறுவன் நோயில் இறந்த பிறகும் அது அதே இடத்துக்கு வந்து வந்து பார்த்து, கடைசியில் தானும் இறந்ததாம். இதைச் சொல்ல பிளினிக்கே கொஞ்சம் கூச்சம். மைசீனஸ் போன்ற பெரிய மனிதர்கள் எழுதி வைத்திருக்காவிட்டால் இதைச் சொல்லவே வெட்கப்படுவேன் என்ற பொருளில் ஒரு வரி சேர்த்துவிடுகிறார்.

இந்தக் கதையை நாம் நம்பலாம், நம்பாமலும் போகலாம். ஆனால் அடுத்தது வேறு ரகம்.

ஹிப்போவில் நடந்தது

ஹிப்போ என்றதும் நீர்யானை நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை. இது ஊர்ப் பெயர். வட ஆப்பிரிக்கக் கரையில் இருந்த ரோமானியக் குடியேற்றம் ஹிப்போ டயாரிட்டஸ். இன்று டுனீசியாவில் பிஸெர்ட் என்று பெயர். ஊரை ஒட்டி ஒரு பெரிய காயல். அதிலிருந்து ஒரு கால்வாய் கடலுக்குப் போகிறது. கடல் ஏறும்போது தண்ணீர் உள்ளே வரும், இறங்கும்போது வெளியே போகும். வெதுவெதுப்பான மத்தியதரைக் கடல். ஊரில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் மீன்பிடிப்பதும் படகு விடுவதும் நீந்துவதும்தான் பொழுதுபோக்கு.

இங்கே நடந்ததை மூத்த பிளினி சுருக்கமாகச் சொல்கிறார். ஏறக்குறைய 30 வருடம் கழித்து அவருடைய சகோதரி மகன் இளைய பிளினி, கனீனியஸ் என்ற கவிஞர் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் விரிவாகச் சொல்கிறார். உண்மையாக நடந்தது, ஆனால் கற்பனை மாதிரியே இருக்கிறது, நீ இதைக் கவிதையாக எழுது என்பதுதான் கடிதத்தின் நோக்கம். சம்பவம் இதுதான்.

அந்த ஊர்ப் பையன்களுக்குள் ஒரு போட்டி. கரையை விட்டு யார் ரொம்ப தூரம் நீந்திப் போகிறார்களோ அவர்களே ஜெயித்தவர்கள். ஒருநாள் ஒரு துணிச்சல்காரப் பையன் மற்றவர்களை விட்டு வெகுதூரம் போய்விட்டான். அங்கே ஒரு டால்பின் எதிரே வந்தது. முன்னால் போனது, பின்னால் வந்தது, சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு அவனுக்கு அடியில் புகுந்து முதுகில் தூக்கியது, இறக்கியது, மறுபடி தூக்கியது. பையன் நடுங்கிப் போனான். ஆழ்கடல் பக்கம் கொண்டுபோன டால்பின், பிறகு திரும்பிக் கரையில் அவன் நண்பர்களிடமே கொண்டுவந்து விட்டது.

மறுநாள் ஊரே கரையில். பையன்கள் நீந்தினார்கள், அவனும் இறங்கினான், ஆனால் கொஞ்சம் எச்சரிக்கையாக. டால்பின் சரியான நேரத்துக்கு வந்தது. எல்லோரும் ஓடினார்கள். அது துள்ளிக் குதித்தும் மூழ்கி எழுந்தும் கூப்பிடுவது போல் விளையாட்டுக் காட்டியது. அடுத்த நாளும் இப்படியே, அதற்கடுத்த நாளும் இப்படியே. கடலிலேயே வளர்ந்த நமக்கு இதைப் பார்த்து என்ன பயம் என்று ஊர்க்காரர்களுக்கே வெட்கமாகிவிட்டது. கிட்டப் போனார்கள், தொட்டார்கள், தடவினார்கள். முதல் நாள் பையன் இப்போது தானாகவே முதுகில் ஏறிக்கொண்டான். கூடவே இன்னொரு டால்பினும் வரும். அது விளையாடாது, யாரையும் ஏற்றாது. துணைக்கு வந்து பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கும்.

செய்தி பரவியது. ஆக்டேவியஸ் அவிட்டஸ் என்ற ரோமானிய அதிகாரி வந்தார். இது ஏதோ தெய்வ சம்பந்தமானது என்ற எண்ணத்தில், கரைக்கு வந்த டால்பின் மேல் வாசனைத் தைலத்தை ஊற்றினார். (தைலம் பூசியவர் ஆளுநர் ஃபிளாவியனஸ் என்கிறார் மாமா பிளினி. யாராக இருந்தால் என்ன, வேலை ஒன்றுதான்.) புது வாசனையில் மிரண்ட டால்பின் ஆழத்துக்கு ஓடிவிட்டது. பல நாள் கண்ணிலேயே படவில்லை. திரும்பி வந்தபோது சோர்ந்து போயிருந்தது. கொஞ்ச நாளில் தெம்பு வந்து மறுபடியும் பழைய விளையாட்டு.

இப்போது எல்லா அதிகாரிகளும் வர ஆரம்பித்தார்கள். அதிகாரி வந்தால் சும்மா வருவாரா? பரிவாரம், தங்க வீடு, சாப்பாடு, வண்டி மாடு... எல்லாம் ஊர் செலவு. ஹிப்போ சின்ன ஊர். வந்து வந்து தங்கியவர்களால் ஊர்ப் பணம் கரைந்தது. ஊரின் அமைதியும் போனது. கடைசியில் ஊர்க்காரர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

எதைப் பார்க்க எல்லோரும் வருகிறார்களோ அதை ரகசியமாகக் கொன்றுவிட்டார்கள்.

யாருடைய பில்?

இந்த இடத்தில் நான் கடிதத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஊர்க்காரர்களைத் திட்டத்தான் முதலில் தோன்றியது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹிப்போவில் டால்பினைப் பார்க்க டிக்கெட் கிடையாது. பொருளாதாரப் பாடத்தில் சொல்வார்களே, விலையில்லாப் பண்டம், அதுதான். பார்க்க வந்தவருக்குச் சந்தோஷம், செலவு பூஜ்யம். அந்தச் செலவு எங்கேயும் காணாமல் போகவில்லை. ஊர் தலையில் விழுந்தது. அனுபவிப்பவர் ஒருவர், பில் கட்டுபவர் இன்னொருவர் என்றால் அதைப் புறச்செலவு என்று நாம் படிக்கிறோம். ரோமானிய அதிகாரியிடம் "நீங்கள் வரக்கூடாது" என்று ஒரு சின்ன ஊர் சொல்ல முடியுமா? முடியாது. அதிகாரியை நிறுத்த முடியாதவர்கள் டால்பினை நிறுத்தினார்கள். எல்லோரையும் விட எளிய ஆள் அதுதானே.

இன்னொன்றையும் கவனித்தேன். இரண்டு பிளினிகளும் ஊருக்கு ஆன செலவைச் சொல்கிறார்கள். டால்பினுக்கு ஆன செலவை யாரும் கேட்கவில்லை. தைலம் பூசியபோது அது சோர்ந்து போன பல நாட்கள்தான் கடிதத்தில் நமக்குக் கிடைக்கும் ஒரே குறிப்பு. அந்த நாட்களில் அது என்ன சாப்பிட்டது, எங்கே இருந்தது, யாருக்குத் தெரியும்? அந்தக் கேள்வியை மனிதர்கள் கேட்க இன்னும் 1900 வருடங்கள் ஆனது. அதுதான் இந்தப் பதிவின் இரண்டாம் பாதி.

ஒரு நாள் வித்தியாசத்தில் வந்த சட்டம்

1955ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். நியூஸிலாந்தின் வடக்கில் ஹொகியாங்கா என்ற கடற்கழியின் ஓரத்தில் ஓபொனோனி என்ற சின்ன ஊர். அந்தக் கோடையில் ஒரு இளம் டால்பின் படகுகளின் பின்னால் வர ஆரம்பித்தது. ஊர்ப் பெயரைச் சுருக்கி 'ஓபோ' என்று கூப்பிட்டார்கள். பந்து போட்டால் விளையாடியது, பீர் பாட்டிலை மூக்கில் நிறுத்தி வித்தை காட்டியது. இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கும் குழந்தைகளிடையே வந்து புகுந்தது. 13 வயதுச் சிறுமி ஒருத்தியை மட்டும் ரொம்பப் பிடித்துப் போய் அவளை முதுகில் ஏற்றிக்கொண்டது. ஹிப்போவே திரும்பி வந்த மாதிரி!

கூட்டமும் திரும்பி வந்தது. விடுமுறை நாட்களில் ஆயிரக்கணக்கானவர்கள். ஊருக்கு வரும் குறுகலான சாலையில் கார்கள் வரிசை கட்டின. ஹிப்போவுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம், இந்த ஊர் டால்பினின் பக்கம் நின்றது. பாதுகாப்புக் குழு அமைத்தார்கள், சட்டம் வேண்டும் என்று அரசாங்கத்திடம் கேட்டார்கள். அரசாங்கமும் கேட்டது. ஹொகியாங்காவில் டால்பினைப் பிடிப்பதோ தொந்தரவு செய்வதோ குற்றம் என்ற ஆணை 1956 மார்ச் 8ஆம் தேதி வந்தது.

மறுநாள், மார்ச் 9, பாறை இடுக்கில் சிக்கிய நிலையில் ஓபோவின் உடல் கிடைத்தது. மீன் பிடிக்கப் போட்ட வெடியில் இறந்ததா, தண்ணீர் வற்றும்போது மாட்டிக்கொண்டதா என்பது இன்றுவரை முடிவாகவில்லை. ஊர்க்காரர்கள் மாவோரி முறைப்படி மரியாதை செய்து, ஊர் மண்டபத்தின் அருகே புதைத்தார்கள். பிறகு சிலையும் வைத்தார்கள். அதுவரை எல்லோரும் ஆண் என்று நினைத்திருந்த ஓபோ பெண் என்பது இறந்த பிறகுதான் தெரிந்தது. ஊரே ஒரு கோடை முழுக்க அதன் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. அதைப் பற்றித் தெரிந்துகொண்டது அவ்வளவுதான்.

ஒரு பிரபலத்துக்குப் பிறகு

அதன் பிறகு டால்பின் ஆசை உலகம் முழுக்கப் பரவியது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1938லேயே டால்பினைத் தொட்டியில் வைத்துக் காட்டும் நிலையம் திறந்துவிட்டார்கள். 1963இல் 'ஃபிளிப்பர்' படம் வந்தது. 1964 முதல் 1967 வரை அது டிவி தொடராகவும் ஓடியது. நண்பனாக, காவல்காரனாக, சொன்னதெல்லாம் புரிந்துகொள்ளும் ஒரு டால்பின் வீட்டு ஹாலுக்கே வந்தது. (அந்தத் தொடருக்கு டால்பின்களைப் பழக்கிய ரிக் ஓ'பாரி, 1970இல் மனம் மாறி, டால்பின்களை அடைத்து வைப்பதற்கு எதிராகப் போராடுபவரானார்.) தொட்டி பாவம், கடலில் போய்ப் பார்ப்பதே நியாயம் என்று நினைத்தவர்கள் கடலுக்குக் கிளம்பினார்கள். நம் தாளில் எழுதிய வரியும் இந்த வழியில் வந்ததுதான்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே வளைகுடாவில் மங்கி மியா என்ற கடற்கரை. 1960களில் அங்கே மீன்பிடிக்க வந்தவர்கள் டால்பின்களுக்கு மீன் போட்டுப் பழக்கினார்கள். அவை முழங்காலளவுத் தண்ணீருக்கே வந்து கையிலிருந்து மீன் வாங்கித் தின்றன. 1980களில் விஞ்ஞானிகள் வந்து ஒவ்வொரு டால்பினையும் முதுகுத் துடுப்பின் வடிவத்தை வைத்து அடையாளம் கண்டு, பிறப்பு இறப்பு எல்லாம் குறிக்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் முதல்முறையாக டால்பின் பக்கத்துக் கணக்கு எழுதப்பட்டது என்பேன்.

கணக்கு என்ன சொன்னது? மீன் வாங்கிப் பழகிய தாய்களின் குட்டிகள், மற்றத் தாய்களின் குட்டிகளைவிட அதிகமாகச் செத்தன. காரணத்தை யோசித்தால் புரிகிறது. தாய் கரையோரம் கையேந்தி நிற்கும் நேரத்தில் குட்டி தனியாகத் திரிகிறது. பால் குடிக்கும் நேரம் குறைகிறது, வேட்டை கற்கும் நேரம் குறைகிறது, வளைகுடாவின் பெயரே ஷார்க் பே! 1990களின் நடுவில் விதிகளை இறுக்கினார்கள். குறிப்பிட்ட சில பெண் டால்பின்களுக்கு மட்டும், கொஞ்சம் மீன், காலை வேளையில் மட்டும். குட்டிகள் பிழைப்பது கூடியது.

அதே வளைகுடாவில் இன்னொரு கணக்கும் உண்டு. டால்பின் பார்க்க அழைத்துப் போகும் நிறுவனங்கள் ஒன்றிலிருந்து இரண்டானபோது என்ன ஆனது என்பதை லார்ஸ் பெய்டரும் அவர் குழுவும் 2006இல் வெளியிட்டார்கள். படகுகள் சுற்றும் பகுதியில் டால்பின்கள் 14.9% குறைந்திருந்தன, அதாவது ஏழில் ஒன்று. படகு வராத பக்கத்துப் பகுதியில் அப்படிக் குறையவில்லை. யாரும் ஈட்டி எறியவில்லை, தைலம் பூசவில்லை. எல்லோரும் டால்பினை நேசித்துப் பார்க்க வந்தவர்கள்தான்.

தூக்கத்தின் விலை

இப்போது நம் தாளில் இருக்கும் காட்சிக்கே வருவோம். நீல நிறத் தண்ணீர், வெள்ளை மணல், கண்ணாடி மாட்டிக்கொண்டு மிதக்கும் நாம், கீழே மெதுவாக நழுவிப் போகும் டால்பின் கூட்டம். இந்தப் படங்களில் பல ஹவாய்த் தீவுகளில் எடுத்தவை. அங்கே இருப்பவை சுழலும் டால்பின்கள். தண்ணீரை விட்டு எகிறி, பம்பரம் மாதிரி காற்றில் சுழன்று விழும்.

கென்னத் நோரிஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஹவாயின் கேயலகேகுவா வளைகுடாவில் இவற்றை ஆண்டுக்கணக்கில் கவனித்தார். அதிலிருந்து தெரிந்த தினசரி அட்டவணை இது. இந்த டால்பின்களுக்கு நைட் ஷிஃப்ட். இரவில் ஆழ்கடலிலிருந்து மேலே ஏறி வரும் சின்ன மீன், கணவாய், இறால் வகைகளைக் கரைக்கு அப்பால் போய் வேட்டையாடும். விடிந்ததும் கரையோர வளைகுடாக்களுக்கு வரும். தூங்குவதற்கு! அடியில் வெள்ளை மணல் இருக்கும் இடமாகப் பார்த்து வரும். அப்போதுதான் சுறா வந்தால் கறுப்பாகத் தெரியும். கூட்டமாக நெருங்கி, சத்தத்தைக் குறைத்து, மூளையின் ஒரு பாதியை மட்டும் தூங்கவிட்டு, மெதுவாக நீந்திக்கொண்டே ஓய்வெடுக்கும். அவ்வப்போது எல்லாம் சேர்ந்து மேலே வந்து மூச்சு விட்டுப் போகும்.

அந்த மெதுவான, கனவு மாதிரியான நீச்சலைத்தான் நாம் "எவ்வளவு சாந்தமாக நம்மோடு நீந்துகின்றன" என்று படம் எடுக்கிறோம். அது தூக்கம். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து படுத்தவர் வீட்டுக்குள், காலை எட்டு மணிக்கு நாற்பது பேர் கேமராவோடு புகுந்தால் எப்படி இருக்கும்? அவர் எழுந்து உட்கார்ந்தால் "பாருங்கள், நம்மைப் பார்த்ததும் எவ்வளவு சந்தோஷம்" என்போம்!

ஹவாயில் ஒரு ஆய்வுக் குழு அளந்து பார்த்தபோது, பகல் நேரத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் இந்த டால்பின்களின் 100 மீட்டருக்குள் நீச்சல்காரரோ படகோ ஏதோ ஒன்று இருந்தது. அந்தத் தூக்கத்தை வேறெங்காவது போய்ச் சரிக்கட்ட முடியுமா என்றால், வளைகுடாவை விட்டு வெளியே அவை ஓய்வெடுப்பது அரிது என்பதும் தெரிந்தது. பாடப் புத்தகத்தில் வாய்ப்புச் செலவு என்று ஒன்று படித்தோமே, ஒன்றைச் செய்யும்போது கைவிட்டுப் போகும் இன்னொன்று. நம்மோடு விளையாடும் ஒவ்வொரு மணி நேரமும் டால்பினுக்குத் தூங்காத ஒரு மணி நேரம். இரவில் வேட்டைக்கு அந்தக் களைப்போடுதான் போக வேண்டும். ஒரு நாள் பரவாயில்லை. தினமும் என்றால்?

2005இல் அமெரிக்க அரசு இதற்கு விதி கொண்டுவர யோசிப்பதாக அறிவித்தது. 2016இல் வரைவு வந்தது. இதை நம்பிப் பிழைக்கும் படகுக்காரர்கள் இருந்தார்கள், டால்பினோடு நீந்துவதை வழிபாடு மாதிரி நினைத்தவர்களும் இருந்தார்கள். கருத்துகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. கடைசியில் 2021 அக்டோபர் 28 முதல் விதி அமலுக்கு வந்தது. ஹவாயின் முக்கியத் தீவுகளின் கரையிலிருந்து இரண்டு கடல் மைலுக்குள் சுழலும் டால்பினை 50 கஜத்துக்குள் (சுமார் 45 மீட்டர்) நெருங்கவோ கூட நீந்தவோ கூடாது. முதல் அறிவிப்பிலிருந்து 16 வருடம்!

பூட்டாமல் ஒரு வழி

அப்படியானால் டால்பின் பக்கமே போகக்கூடாதா? அங்கேதான் செங்கடல் எனக்கு நம்பிக்கை கொடுத்தது. எகிப்தின் மார்ஸா அலம் பக்கம் சமதாய் என்று ஒரு பவளத்திட்டு. குதிரை லாட வடிவம். உள்ளே அலையில்லாத தெளிந்த தண்ணீர். அங்கேயும் இதே சுழலும் டால்பின்கள் பகலில் ஓய்வெடுக்க வரும். 2003 வாக்கில் படகுகளும் நீச்சல்காரர்களும் கட்டுக்கடங்காமல் போனார்கள். அரசு அந்த இடத்தைக் கொஞ்ச நாள் மூடிவிட்டு, 2004இல் புதிய ஏற்பாட்டோடு திறந்தது.

ஏற்பாடு எளிமையானது. திட்டைப் பிரித்தார்கள். உட்பகுதி டால்பினுக்கு மட்டும், மனிதர் யாரும் நுழையக்கூடாது. அதையடுத்த பகுதியில் மோட்டார் இல்லாமல் நீந்தலாம். வெளியே ஓரிடத்தில் படகுகளை நிறுத்தலாம். நேரம் காலை 10 முதல் மதியம் 2 வரை. நாளொன்றுக்கு 200 பேர். நுழைவுக் கட்டணம் உண்டு. டால்பினுக்கு இஷ்டம் இருந்தால் எல்லை தாண்டி வந்து உங்களைப் பார்க்கும். இஷ்டம் இல்லையென்றால் பணம் கட்டிப் போய் மீனைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

ஹிப்போவையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே பார்ப்பவருக்கு இலவசம், இங்கே பார்ப்பவர் பணம் கட்டுகிறார். அங்கே எவ்வளவு பேர் என்று எல்லை இல்லை, இங்கே எண்ணிக்கை உண்டு. அங்கே டால்பினுக்குப் போக இடமில்லை, இங்கே பூட்டு போடாத ஒரு வீடு அதற்கு இருக்கிறது. ஹிப்போ ஊர்க்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் கையில் இந்த மூன்றில் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

எல்லாக் கடலிலும் ஒரே கதை என்றும் சொல்லமாட்டேன். பஹாமாஸ் தீவுகளின் ஆழமில்லாத கடலில் புள்ளி டால்பின்கள் தாமாகவே மனிதர்களைத் தேடி வருகின்றன. டெனிஸ் ஹெர்ஸிங் என்ற ஆய்வாளர் 1985 முதல் கோடைதோறும் அங்கே போய், நீரில் இறங்கி, தலைமுறை தலைமுறையாக அவற்றைக் கவனித்து வருகிறார். அவருடைய கொள்கை, டால்பின்களின் உலகத்தில் டால்பின்கள் வைத்ததே சட்டம் என்பது. பிடிப்பதில்லை, துரத்துவதில்லை. அவை விலகினால் விட்டுவிடுவது. ஹிப்போப் பையன் பொய் சொல்லவில்லை என்று இதைப் படித்தபோது தோன்றியது. டால்பின் நம்மிடம் வருவது உண்மை. வந்த பிறகு நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாக் கதையும் கெட்டுப் போயிருக்கிறது.

தாளில் ஒரு திருத்தம்

இவ்வளவும் படித்த பிறகு அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். அந்த வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடிக்க மனம் வரவில்லை. கிரேக்கக் காசு காலத்திலிருந்து வரும் ஆசை, நான் அடித்தால் போய்விடுமா? அதனால் கொஞ்சம் திருத்தி எழுதினேன்: "டால்பின்கள் இருக்கும் கடலில் நீந்த வேண்டும். அவை வந்தால் சந்தோஷம்."

மீதி மூன்று பேரிடமும் சொன்னேன். ஒருத்தி, "அவ்வளவு செலவு பண்ணிப் போய் அது வரலைன்னா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். வராமல் போகும் நாளின் நஷ்டத்தை நாம் எழுதிக்கொள்வதா, வரவைக்கும் நாளின் நஷ்டத்தை டால்பின் தலையில் எழுதுவதா என்பதுதான் 1900 வருடமாக நடக்கும் கணக்கு. நஷ்டத்தை யார் தாங்க முடியுமோ அவர் பேரில்தான் எழுத வேண்டும் என்று எனக்குப் படுகிறது. நமக்குப் போவது ஒரு லீவும் கொஞ்சம் காசும். அதற்குப் போவது தூக்கம், சில சமயம் குட்டி.

எங்காவது கடற்கரையில் "டால்பினோடு நீந்தலாம், நிச்சயம் பார்க்கலாம், இல்லையென்றால் பணம் வாபஸ்" என்று யாராவது கூப்பிட்டால், அந்த 'நிச்சயம்' என்ற சொல்லுக்கு யார் பில் கட்டுகிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

நான் முதலில் போய் நீச்சல் கற்றுக்கொள்கிறேன். உங்கள் தாளில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.